இடம் மாற்றிய ரோஜாச் செடி ஏன் வாடுகிறது, எப்படித் தேறும்?

ஒரு ரோஜாச் செடியைப் பெயர்த்து வேறோரிடத்தில் நட்டால், அன்று மாலை வரை அது நன்றாகத்தான் நிற்கும். மறுநாள் வெயில் ஏறும்போது கொழுந்துகள் தலை தொங்கும். மொட்டின் காம்பு வளையும். மூன்றாம் நாள் அடியிலைகள் மஞ்சளாகும். ஒரு வாரத்துக்குள் பாதி இலைகள் உதிர்ந்து தூரைச் சுற்றிக் கிடக்கும். முதன்முதலாக ரோஜா வளர்ப்பவர்கள் இதைக் கண்டதும் செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று பதறி, தண்ணீரை இரட்டிப்பாக்குவார்கள், உரம் இடுவார்கள், கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பார்கள். தன் போக்கில் விட்டிருந்தால் தேறியிருக்கக்கூடிய செடிகள் இந்த அவசர உதவிகளாலேயே பட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, செடிக்குள் என்ன நடக்கிறது, எது வெறும் களைப்பு, எது உண்மையான நோய் என்பதைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வதே முதல் வேலை. மருந்தும் உரமும் அதற்குப் பிறகுதான்.

வேருக்கும் இலைக்கும் இடையிலான கணக்கு

செடியின் வேர் என்றதும் நம் கண்ணுக்குப் படுவது பழுப்பு நிறத்தில் தடித்து நிற்கும் கிளை வேர்களே. செடியை நிலத்தோடு பிடித்துவைப்பதும், உணவைச் சேமித்துவைப்பதும் அவற்றின் வேலை. தண்ணீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது அவற்றின் முனைகளில் இருக்கும் மெல்லிய வெண்ணிறச் சல்லி வேர்களும், அந்தச் சல்லி வேர்களின் மேல் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் வேர்த்தூவிகளும்தான். ஒவ்வொரு தூவியும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. அதன் ஆயுள் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரைதான். மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், மண் உதிரும்போது தானும் அறுந்துபோகும். வெயிலும் காற்றும் பட்டால் சில நிமிடங்களிலேயே உலர்ந்துவிடும். நாம் எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும், செடியைத் தூக்கும்போது தடித்த வேர்கள் நம்மோடு வருகின்றன, உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி பழைய குழியிலேயே தங்கிவிடுகிறது.

மேலே இலைகளோ ஒன்றும் குறையவில்லை. அவற்றின் அடிப்பரப்பில் உள்ள இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வரவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, செலவு அப்படியே இருக்கிறது. இந்தப் பற்றாக்குறைதான் இடமாற்ற அதிர்ச்சி என்று சொல்லப்படுவதன் சாரம். செடி முதலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் நீரிழப்பு குறையும். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, எனவே இலையில் உணவு தயாரிப்பதும் குறைந்துபோகும். அதுவும் போதாதபோது மூத்த இலைகளிலிருந்து சத்துகளை உள்ளிழுத்துக்கொண்டு, அவற்றை மஞ்சளாக்கி உதிர்த்துவிடுகிறது. ஆக, நட்ட முதல் இரண்டு வாரங்களில் நிகழும் இலையுதிர்வு பெரும்பாலும் செடி தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் நடவடிக்கை.

இதனால்தான் புதிதாக நட்ட செடியை இலையை வைத்து எடைபோடக் கூடாது, தண்டை வைத்து எடைபோட வேண்டும். சந்தேகமாக இருக்கும் தண்டின் மேல்தோலைக் கட்டைவிரல் நகத்தால் ஓர் உளுந்து அளவுக்கு மட்டும் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையோடு பச்சை தெரிந்தால் அந்தத் தண்டு உயிரோடு இருக்கிறது. பழுப்பாகவோ உலர்ந்த வைக்கோல் நிறத்திலோ இருந்தால், அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி வந்து சுரண்டுங்கள்; பச்சை தொடங்கும் இடம்வரை செடி நம்முடையது. ஓர் இலைகூட இல்லாமல் முள்ளும் குச்சியுமாக நிற்கும் ரோஜா, தூரில் பச்சை இருந்தால் போதும், மீண்டும் துளிர்க்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம்.

தண்ணீர்

தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், மிகுந்தாலும் இலை தொங்கும் என்பதுதான் தொடக்கக்காரர்களை ஏமாற்றும் முதல் விஷயம். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் இடுக்குகள் முழுவதும் நீர் நிறைந்து நின்றால் காற்று புக வழியில்லாமல் வேர் செயலிழந்து, பிறகு அழுகும். அழுகிய வேரால் சுற்றிலும் நிற்கும் நீரைக்கூட உறிஞ்ச முடியாது, எனவே ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். இதைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றினால் முடிவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாட்டத்தைப் பார்க்க வேண்டிய நேரம் காலை. நண்பகலில் கொழுந்து தொங்கி, மாலையிலோ மறுநாள் விடியலிலோ நிமிர்ந்துவிட்டால், வேர் இரவோடு இரவாக ஈடுகட்டிவிடுகிறது என்று பொருள். அந்தச் செடிக்கு நிழல் போதும், கூடுதல் தண்ணீர் வேண்டாம். காலையிலும் தொங்கியே இருந்தால்தான் மண்ணைப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய 5 செ.மீ., மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் மண் உலர்ந்து உதிர்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்ச்சியாக விரலில் ஒட்டினால் ஒரு நாள் பொறுங்கள். சேறுபோல் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடித்தால், ஊற்றுவதை நிறுத்திவிட்டு வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

நிலத்தில் நட்ட ஒரு புதருக்கு நட்ட அன்று 8 முதல் 10 லிட்டர் வரை, பூவாளியால் மெதுவாக, குழியின் அடிவரை இறங்கும்படி ஊற்ற வேண்டும். வேருக்கும் புது மண்ணுக்கும் இடையில் இருக்கும் காற்றுப் பைகளை வெளியேற்றி, மண்ணை வேரோடு அணையச் செய்வது இந்த முதல் நீர்தான். காலால் மிதித்து இறுக்குவது அந்த வேலையைச் செய்யாது, மண்ணைக் கல்லாக்கிவிடும். அதன் பிறகு தினமும் ஒரு குவளை என்று மேலாகத் தெளிப்பதைவிட, விரலைக் கேட்டுக்கொண்டு இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுவது நல்லது. தொட்டியில் நட்டிருந்தால் அடித்துளை வழியாக நீர் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கும் நீரை அப்போதே கொட்டிவிட வேண்டும்.

ஒரு நுட்பத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதனால் நானே ஒரு நல்ல செடியை இழக்கும் நிலைக்குப் போனேன். பையில் வரும் ஒட்டுச்செடிகளின் வேரைச் சுற்றிச் சில சமயம் இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே, தொழு உரமும் மணலும் கலந்த இளகிய மண்ணில் நட்டேன். நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும், சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தும், பத்தாம் நாள் வரை செடி வாடிக்கொண்டே போனது. இறுதியில் ஓரத்து மண்ணைக் கையால் விலக்கி, உருண்டையின் பக்கத்தில் ஒரு மெல்லிய குச்சியைச் செலுத்திப் பார்த்தபோது, அது அரை விரற்கடைக்கு மேல் இறங்க மறுத்தது. உள்ளே மண் செங்கல்போல் காய்ந்திருந்தது. இளகிய மண்ணில் விழும் தண்ணீர் தனக்கு எளிதான வழியில் உருண்டையைச் சுற்றிக்கொண்டு கீழே வடிந்துவிடுகிறது, ஒருமுறை காய்ந்து இறுகிய களிமண் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. குச்சியால் உருண்டையில் ஐந்தாறு துளைகள் இட்டு, தண்டை ஒட்டியே சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரம் நீர் விழும்படி செய்ததும் மூன்றாம் நாள் காலையில் கொழுந்து நிமிர்ந்தது. இப்போதெல்லாம் நடுவதற்கு முன் பையோடு அரைமணி நேரம் வாளி நீரில் வைத்து, உருண்டை இளகியதும் அதன் வெளி விளிம்பை மட்டும் விரலால் சற்றே தளர்த்திவிட்டு நடுகிறேன். முழு உருண்டையையும் உடைத்து வேரை உதறுவது, செடி துளிர்த்துக்கொண்டிருக்கும் பருவத்தில், கூடவே கூடாது. மண்ணில்லாமல் வெறும் வேராக வரும் செடி என்றால், அதை நடுவதற்கு முன் சில மணி நேரம் நீரில் ஊறவைக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நிழல், மூடாக்கு, கவாத்து

வேரின் வரவை ஒரே நாளில் கூட்ட நம்மால் முடியாது. இலையின் செலவைக் குறைக்க முடியும். அதற்கு எளிய வழி நிழல். நட்ட முதல் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை, காலையின் இளவெயில் மட்டும் படும்படியும், உச்சி வெயிலும் பிற்பகல் வெயிலும் படாதபடியும் நிழல்வலையோ பழைய வெள்ளைத் துணியோ கட்டிவிடுங்கள். இருட்டறை போன்ற நிழல் கூடாது; ஒளி இல்லாவிட்டால் இலை உணவு தயாரிக்காது, உணவு இல்லாவிட்டால் புது வேர் வராது. பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாக வெயிலைக் கூட்டிக்கொண்டே போய், நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலுக்குப் பழக்கிவிட வேண்டும். காற்று பலமாக வீசும் இடமானால் தடுப்பும் வேண்டும். காற்று இலையின் ஈரத்தைப் பறிப்பதோடு தண்டை ஆட்டி, அப்போதுதான் மண்ணைப் பற்றத் தொடங்கிய வேர்முனைகளை அறுத்துவிடும். உயரமான செடியை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டிவைப்பது இதற்காகத்தான்.

தூரைச் சுற்றி உலர்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் நார் என எது கிடைத்தாலும் 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இடலாம். ஆனால் தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஈரச் சருகு தண்டை ஒட்டியே கிடந்தால் பட்டை அழுகும்.

கவாத்தைப் பற்றி இருவிதக் கருத்துகள் உண்டு. வேர் குறைந்துவிட்டதால் மேலேயும் சரிபாதி வெட்டிவிட வேண்டும் என்பார்கள் சிலர். எதையும் தொடாதே என்பார்கள் வேறு சிலர். என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புது வேர் வளர்வதற்கு வேண்டிய ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கொழுந்துகளிலும் இளம் இலைகளிலும் உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. வேர் வளர்ச்சிக்கான சர்க்கரையும் இலையிலிருந்துதான் வருகிறது. எனவே மொட்டையடித்த செடிக்கு வேர் விடும் வலிமையும் குறைந்துபோகும். மறுபுறம், வேரில் பெரும்பகுதியை இழந்த செடியால் பெரிய மேற்பரப்பைத் தாங்கவும் முடியாது. வேர்க்கட்டு கலையாமல் பையிலிருந்து இறக்கிய செடிக்கு, காய்ந்ததும் ஒடிந்ததும் மெலிந்ததும் மட்டும் நீக்கினால் போதும். நிலத்திலிருந்து தோண்டியெடுத்து, வேர் பாதி அறுந்த பழைய புதருக்கு, மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைக்கலாம். இரண்டிலும் தயங்காமல் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: பூவையும் மொட்டையும் கிள்ளிவிட வேண்டும். வாங்கும்போது அந்தப் பூவைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டோம், அதைப் போய்க் கிள்ளுவதா என்று மனம் தயங்கும். ஆனால் ஒரு பூவை விரிப்பதற்குச் செடி செலவிடும் நீரும் சர்க்கரையும் அந்த நேரத்தில் வேருக்குப் போக வேண்டியவை.

வெட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். வெளிப்புறம் பார்த்திருக்கும் ஒரு கணுவின் மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக, கூரிய கத்தரியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். கணுவுக்கு மேலே நீண்ட கட்டையை விட்டால் அது காயும். காய்ந்த கட்டைதான் நுனிக்கருகல் நோய்க்கு வாசல்.

உரம் ஏன் பொறுக்க வேண்டும்

நோயுற்றவருக்குச் சத்தான உணவு கொடுக்க வேண்டும் என்ற நம் இயல்பான எண்ணம் இங்கே தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். டிஏபி, கலப்பு உரம் யாவும் உப்புகள்; யூரியா உப்பு அன்று என்றாலும் மண்நீரில் கரைந்து அதே வேலையைச் செய்யும். மண்நீரில் இவற்றின் செறிவு கூடும்போது, வேர் தண்ணீரை உள்ளே இழுப்பது கடினமாகும். செறிவு அளவுக்கு மீறினால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகுவது அதன் அடையாளம். ஏற்கெனவே உறிஞ்சும் வேர்களை இழந்து நிற்கும் செடிக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. தழைச்சத்து மிகுந்தால் வேருக்குப் பதிலாக இலைதான் கிளம்பும் என்பதும் மற்றொரு தீங்கு. முழுமையாக மட்காத சாணமும் கோழி எருவும்கூட மண்ணில் சூடேறி வேரைச் சுடும்.

நடும் குழியில் நன்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்திருந்தால் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அது போதும். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை அந்த எருவோடு கலந்து ஈரம் காயாமல் இடுவதை நான் ஆதரிக்கிறேன். வேரழுகல் பூஞ்சைகளோடு அது போட்டியிடும். ஆனால் அதை இட்ட மண்ணில் தாமிர மருந்துகளை ஊற்றினால் இதுவும் சேர்ந்து அழியும். இடமாற்ற அதிர்ச்சிக்கு வைட்டமின் பி1 ஊற்றும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஆய்வகத்தில், செடியிலிருந்து தனியே வெட்டியெடுத்து வளர்த்த வேர்களுக்கு அது தேவைப்பட்டது உண்மை; இலையோடு இருக்கும் முழுச் செடியோ அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) அப்படித்தான். மண்ணில் மெக்னீசியம் குறைந்திருந்தால் மட்டுமே அதற்கு வேலை உண்டு.

களைப்பா, நோயா?

களைப்பின் அடையாளங்கள் பொதுவாகச் செடி முழுவதும் ஒரே சீராகத் தெரியும்: எல்லாக் கொழுந்துகளும் தொங்கும், அடியிலைகள் எல்லாப் பக்கமும் மஞ்சளாகும், இலையில் புள்ளியோ பொடியோ இருக்காது. நோய்க்கு உருவம் உண்டு. புள்ளிக்கு விளிம்பும், பொடிக்கு நிறமும், கருகலுக்கு எல்லையும் இருக்கும்; அது ஓரிடத்தில் தொடங்கி அடுத்த இடத்துக்குப் பரவும். எனவே ஐயமான இலை ஒன்றைக் கிள்ளியெடுத்து வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பாருங்கள்.

இலையின் மேற்பரப்பில் வட்டமான கரும்புள்ளி, அதன் ஓரம் நேர்கோடாக இல்லாமல் மையூறியதுபோல் இழையிழையாகப் பரவியிருப்பது, சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்வு என்றிருந்தால் அது கரும்புள்ளி நோய். டிப்ளோகார்ப்பான் ரோசே என்னும் பூஞ்சை அதற்குக் காரணம். இதன் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து 7 மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும்; அதன்பின் 3 முதல் 10 நாட்களில் புள்ளி தெரியும். இந்த 7 மணி நேரக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதித் தடுப்பு நம் கையில் வந்துவிடுகிறது. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளித்தால் அது விடியும்வரை காயாது. காலையில், தூரில் மட்டும் ஊற்றினால் பூஞ்சைக்கு அந்த அவகாசமே கிடைக்காது. வாடிய செடிக்குக் குளிர்ச்சி தருவதாக எண்ணி இரவில் இலையை நனைப்பவர்கள், அறியாமல் இந்நோயை வளர்க்கிறார்கள். புள்ளி விழுந்த இலைகளையும் கீழே உதிர்ந்தவற்றையும் பொறுக்கி அகற்றுங்கள். மண்ணில் கிடக்கும் இலையிலிருந்து வித்துகள் மழைத்துளியோடு தெறித்து மீண்டும் மேலேறும். ஆனால், ஐந்தாறு இலை மட்டுமே மிஞ்சியிருக்கும் செடியில், ஒற்றைப் புள்ளிக்காக இலையைக் கிள்ளுவதை நான் செய்வதில்லை. அந்த இலையின் மீதிப் பச்சையும் வேருக்கு உணவு தருகிறது.

சாம்பல் நோயோ இதற்கு நேர்மாறான குணமுடையது. கொழுந்திலும் மொட்டின் காம்பிலும் மாவு தூவியதுபோல் வெண்பொடி படியும், இளம் இலைகள் சுருண்டு முறுக்கும். இதன் வித்து முளைக்க இலையில் நீர் நிற்க வேண்டியதில்லை. நீர் நின்றால் முளைப்பது தடைபடவும் கூடும். பகலில் உலர்ந்த வெப்பம், இரவில் ஈரமான குளிர்ச்சி, காற்றோட்டமில்லாத மூலை, இவையே இதற்கு உகந்த சூழல். வாட்டத்தைத் தடுக்கச் செடியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி நாள்கணக்கில் வைத்திருப்பவர்கள் இந்த நோயைச் சந்திக்க நேரும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிக் கொப்புளம் தெரிந்தால் அது துரு நோய். குளிர்ந்த ஈரக்காலத்தில், நரம்புகளுக்கு இடையில் ஊதா நிறக் கோணல் திட்டுகள் தோன்றி இலைகள் மளமளவென உதிர்ந்தால் அடிச்சாம்பல் நோய். பின்னது மிக வேகமானது. இடமாற்ற உதிர்வு என்று தவறாக எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

புதிதாக நட்ட ரோஜாவின் உயிரையே கொண்டுபோவது பெரும்பாலும் இலைநோய் அன்று, நுனிக்கருகல்தான். வெட்டிய நுனியில் தொடங்கி, தண்டு பழுப்பாகி, பிறகு கருத்து, கணு கணுவாகக் கீழிறங்கும். ஒட்டுக்கட்டிய இடத்தை எட்டிவிட்டால் செடி மீளாது. தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் மெல்லிய நுனிகள் காயும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. நான் கையாளும் முறை எளிது. பழுப்பும் பச்சையும் சேரும் எல்லையில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிட்டு நான்கு நாட்கள் கழித்துப் பார்ப்பேன். எல்லை நூலுக்கு நேராகவே நின்றிருந்தால் அது நீர்ப் பற்றாக்குறையால் வந்த வெறும் காய்வு. செடி தேவையற்றதைக் கைவிட்டிருக்கிறது. நூலைத் தாண்டிக் கருமை இறங்கியிருந்தால் பூஞ்சை வேலை செய்கிறது. உடனே, கருகலுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, நல்ல பச்சைப் பகுதியில் வெட்ட வேண்டும். வெட்டுவாயைப் பாருங்கள்: நடுவில் உள்ள சோறு (மென்மையான உட்பகுதி) வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் போதும், பழுப்புப் புள்ளி இருந்தாலே அடுத்த கணு வரை இறங்கி மீண்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைப்பது வெறும் சடங்கு அன்று. துடைக்காத கத்தரி பூஞ்சையை அடுத்த தண்டுக்கு நாமே ஊட்டுவதற்குச் சமம். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் கொஞ்சம் நீரில் குழைத்தோ, போர்டோ பசையையோ தடவலாம். தாமிர உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவை, 1880களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக மில்லார்டே என்னும் தாவரவியலாளரால் நடைமுறைக்கு வந்தது.

மண் ஈரமாக இருந்தும் காலையிலும் செடி தொங்கி, கீழிருந்து மேலாகத் தண்டு கருத்தால் வேரழுகலை ஐயப்பட வேண்டும். நல்ல சல்லி வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய சல்லி வேரை இரு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், வாடையும் காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு நிலையில் மட்டுமே செடியை மீண்டும் தோண்டியெடுக்கலாம் என்பேன்: அழுகியதை வெட்டி நீக்கி, மணலும் எருவும் கலந்து நீர் வடியும் புது மண்ணில், அதற்கேற்ப மேலேயும் குறைத்து நட வேண்டும். மற்றபடி, வேர் வந்துவிட்டதா என்று பார்க்க அசைப்பதும் தூக்குவதும் அன்று காலை முளைத்த வேரை அறுக்கும் செயல்.

தூரிலோ ஒட்டிலோ கரடுமுரடான கட்டி வளர்ந்திருந்தால் அது அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவால் வரும் கழுத்துக்கழலை. காயங்களின் வழியே நுழைவதால், நடும்போதே வேரையும் தூரையும் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு மருந்து இல்லை; செடியை மண்ணோடு அகற்றிவிட்டு, அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு ரோஜாவைத் தவிர்க்க வேண்டும். பழைய ரோஜா நின்ற குழியில் புது ரோஜா தேறாமல் குறுகி நிற்பதும் உலகெங்கும் அறிந்த சிக்கல். அங்கேயே நட வேண்டுமென்றால் 45 செ.மீ. நீள அகல ஆழத்துக்கு மண்ணை மாற்றிவிடுங்கள்.

நிழலில் ஒதுக்கிவைத்த உலர்ந்த மூலையில் செஞ்சிலந்தி வரும். இலையின் மேல் ஊசிமுனையளவு வெளிர்ப் புள்ளிகள் நிறைந்து, பச்சை மங்கி, தூசி படிந்தது போலிருக்கும். வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து இருமுறை தட்டுங்கள்; தாளில் விழுந்த துகள்களில் சில நகர்ந்தால் சந்தேகமில்லை. காலை நேரத்தில் இலையின் அடிப்புறத்தில் படும்படி சற்று விசையாகத் தண்ணீர் பீய்ச்சுவதை மூன்று நாட்களுக்கு ஒருமுறை செய்தாலே பெரும்பாலும் அடங்கும். காலையில் நனைத்தால் நண்பகலுக்குள் காய்ந்துவிடும் என்பதால், கரும்புள்ளிக்கும் இடம் கொடுக்காது.

மருந்து தெளிக்கும் முன்

வாடி நிற்கும் செடியின்மேல் எதையும் தெளிக்கக் கூடாது. வேப்பெண்ணெயும் சோப்பும் இயற்கையானவைதானே என்று நினைக்கலாம். ஆனால் எண்ணெய்ப் படலம் இலைத்துளைகளை அடைக்கும், நீர்ப் பற்றாக்குறையில் இருக்கும் இலை அதைத் தாங்காமல் கருகும். முதலில் தண்ணீரும் நிழலும் கொடுத்து, இலை நிமிர்ந்த பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, ஓரிரு இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். தீங்கில்லை என்றால் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் அது இலையைச் சுடும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் தெளித்தாலும் அவ்வாறே. எந்த மருந்தானாலும் உறையில் அச்சிட்ட அளவே இறுதியானது. புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் மறுபடி பச்சையாக்காது. அடுத்து வரும் இலையைக் காப்பதே அதன் பணி.

நோய் என்று அஞ்ச வேண்டாதவையும் உண்டு. புதுத் துளிர் கருஞ்சிவப்பாக வருவது பல ரோஜா வகைகளின் இயல்பு. முற்ற முற்றப் பச்சையாகும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். மண் மிகவும் காரமாக இருப்பதோ, நீர் தேங்குவதோ அதற்குக் காரணமாகலாம். ரோஜாவுக்கு ஏற்ற கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை.

மகிழ்ச்சியோடு ஏமாறக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோர்ந்த செடியின் அடியிலிருந்து வெளிர்பச்சை நிறத்தில் ஒரு தண்டு விறுவிறுவென்று உயர்ந்தால், அது ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். கீழிருந்து வந்தால் அது, நல்ல ரோஜாவை ஒட்டுக்கட்ட அடியில் வைத்த வேர்ச்செடியாகிய காட்டு ரோஜா. மேலே நிற்கும் நல்ல ரோஜாவின் உணவைத் தின்று வளரும். இலைக்கு ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்ற பழைய விதியை நம்ப வேண்டாம், நல்ல வகைகளிலும் ஏழு வருவதுண்டு. புறப்படும் இடம்வரை தோண்டி, அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். மண்மட்டத்தில் வெட்டினால் இரண்டு மூன்றாகக் கிளைக்கும். வெப்பமான இடங்களில் ஒட்டு மண்ணுக்கு மேலே 2 முதல் 5 செ.மீ. தெரியும்படி நட்டிருந்தால் இதைக் கண்டறிவது எளிது. நிலம் உறையும் குளிர்ப்பகுதிகளில் மட்டும் ஒட்டைப் பாதுகாக்க மண்ணுக்குள் 5 செ.மீ. புதைப்பார்கள்.

தேறும் செடியில் இரண்டு மூன்று வாரங்களில் கணுக்களில் சிவந்த துளிர் வீங்கத் தொடங்கும். தண்டில் சேமித்த உணவைக் கொண்டே முதல் துளிர் வந்துவிடலாம் என்பதால், அதைக் கண்டதும் நிழலை அகற்றிவிட வேண்டாம். அந்தத் துளிர் நண்பகலிலும் தொங்காமல் நின்று, அடுத்த கணுவிலும் இலை விரிந்தால்தான் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது என்று கொள்ளலாம். நான்கு முதல் எட்டு வாரங்களில் இந்த நிலை வந்ததும், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரு கைப்பிடி மண்புழு உரத்தைக் கிளறி நீர் விடுங்கள். அதன்பின் வரும் இரண்டாவது கொத்து மொட்டைக் கிள்ளாமல் விரியவிடலாம். பூ வாடியதும் அதன் கீழே, ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து அடுத்த தண்டு கிளம்பும்.